மேற்குப் பார்த்த ஏழு கண்ணாடிகள்

ஏப்ரல் மாதம், மத்தியானம் மூன்று மணி. ஓசூர் குளிர்ந்த ஊர் என்று இன்னமும் சொல்லிக்கொள்கிறவர்களைக் கூப்பிட்டு நடுத்தெருவில் நிற்கவைக்க வேண்டும் என்று தோன்றுகிற வெயில். ஒரு சுடிதாரின் தோளைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கலாம் என்று எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தபோது தையல் யூனிட் அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரிசை லைட்டையும் போடுங்கடி, ஊசி கண்ணுக்கே தெரியல."

பத்துப் பன்னிரண்டு டியூப்லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இன்னும் நான்கு எரிந்தது. நான் அப்படியே நின்றேன். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏழு பெரிய நீலக் கண்ணாடிகள். அத்தனைக்கும் கனத்த திரை போட்டு மூடியிருந்தது. வெயில் சுடுகிறது என்று திரை, திரையால் இருட்டு, இருட்டுக்கு விளக்கு, புழுக்கத்துக்கு மின்விசிறி. தெருவெல்லாம் வெளிச்சம் கொட்டிக் கிடக்க, கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கு வெளிச்சத்தில் தைக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா கண்ணு சிரிக்கிற?"

"வெளிய அவ்ளோ வெளிச்சம் இருக்குதுக்கா. நீங்க லைட் போடுறீங்க."

"அந்த வெளிச்சத்துல நீ வந்து ஒரு மணி நேரம் உக்காரு. மண்டை வெந்து போவுதா இல்லையான்னு பாக்கலாம்."

தைத்துக்கொண்டிருந்த முப்பத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். என் சிரிப்பு அடங்கியது. அந்த நொடியில்தான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. நான் தினமும் காலையில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போய்ச் செய்கிற வேலையே இதுதான். பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்கள் மின்சாரத்தை எப்படிச் செலவழிக்கின்றன, விதிகளுக்கு அவற்றை எப்படித் தயார்படுத்துவது என்று அளந்து, படம் போட்டு, அறிக்கை எழுதிக் கொடுப்பது. எவருடைய கட்டடத்துக்கோ எல்லாம் எழுதியாயிற்று. என் அப்பா கட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

அக்கா அப்போதுதான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஆறு பக்க ஆங்கிலப் படிவம்.

"வந்ததுதான் வந்த, இத படிச்சி சொல்லு. எம் பொண்ணு படிச்சிப் பாத்துட்டு, நம்மள பாஸ் பண்ண மாட்டாங்கம்மான்னுட்டா."

அக்காவின் யூனிட் தொழிற்சாலைக்காரர்களுக்குச் சீருடை தைக்கிறது. காக்கி, நீலம், சாம்பல். முக்கால்வாசி வேலை ஒரே ஒரு பெரிய கம்பெனிக்கு. அந்தக் கம்பெனிதான் படிவத்தை அனுப்பியிருந்தது. உங்கள் இடத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அதைக் குறைக்க என்ன செய்திருக்கிறீர்கள், வேலை செய்கிறவர்கள் உட்காருகிற இடத்தில் எவ்வளவு சூடு, கட்டட உரிமையாளர் இதற்கெல்லாம் பொறுப்பேற்கிறாரா. அக்டோபரில் ஆள் வந்து பார்ப்பார்கள். எங்களுடையது போன்ற சின்ன வணிகக் கட்டடத்தை எந்த அரசு விதியும் இதுவரை எட்டிப்பார்த்ததில்லை. ஆனால் பெரிய கம்பெனியை யாரோ கேட்கிறார்கள், கம்பெனி அக்காவைக் கேட்கிறது, அக்கா அப்பாவைக் கேட்க வேண்டும். விதி மாடிப்படி ஏறி வந்துவிட்டது.

"பாஸ் ஆவலன்னா என்னாக்கா?"

"உத்தனப்பள்ளி தாண்டி ஒரு புது ஷெட்டு காட்டுறாங்க. எல்லாம் அவங்க கேக்குற மாதிரியே கட்டி வச்சிருக்குதாம். அங்க போவணும், இல்ல ஆர்டர விடணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுங்கள்ல பாதி பேரு மத்தியானம் வீட்டுக்கு நடந்து போயி புள்ளைக்குச் சோறு போட்டுட்டு வர்றதுங்க. பஸ் ஏறிப் போன்னா நின்னுருவாங்க கண்ணு."

நான்கு மெஷின்களோடு ஆரம்பித்தவர் அவர். ஒருத்தரையும் விடாமல் இதே மாடியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நான் அவசரக்காரி. அங்கேயே நின்று, "நான் பாஸ் பண்ண வைக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். சுடிதாரைக் கொடுக்க மறந்து கீழே இறங்கினேன்.

அப்பாவிடம் பேசுவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் இங்கே வேலைக்கு வந்தவர். ஒரு வண்டிக் கம்பெனியின் பெயின்ட் பிரிவில் இருபத்து மூன்று வருடம், முகமூடி போட்டுக்கொண்டு, ஜன்னல் இல்லாத அறையில் வேலை. வெளியே வந்தபோது கிடைத்ததையெல்லாம் போட்டு இந்த மூன்று தளங்களைக் கட்டினார். கட்டுவதற்கு முன்னால் ஞாயிறுதோறும் பெங்களூருக்கு வண்டியில் போய்க் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வருவார். பிடித்ததைப் படமெடுத்து வருவார். எல்லாப் படத்திலும் கண்ணாடி. அப்படி வந்ததுதான் இந்த நீலக் கண்ணாடி, சாலையைப் பார்த்து, அதாவது நேர் மேற்கே. எங்கள் சாலையில் பாதிக் கட்டடம் அப்படித்தான். பெங்களூர் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் யோசனை. வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது யோசனையில் இல்லை. வெள்ளிக்கிழமை காலைகளில் கீழ்த்தளக் கண்ணாடியை அப்பாவே செய்தித்தாள் வைத்துத் துடைப்பார். வேறு யார் துடைத்தாலும் கோடு விழுகிறதாம்.

நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீ என்ன வேணுமின்னாலும் செய்யித்தா. கண்ணாடிய மட்டும் தொடாத."

"பிரச்சனையே கண்ணாடிதாம்ப்பா."

"அதான் சொல்றேன், அத விட்டுட்டு மத்தத செய்யி."

அம்மா அடுப்படியிலிருந்து, "கேட்டது நானா இருந்தா உடனே மாட்டேன்னிருப்பாரு, மகளுக்கு முக்கால் மார்க்கு குடுத்திருக்காரு, வாங்கிக்க" என்றார். வாங்கிக்கொண்டேன்.

மொட்டை மாடியிலிருந்து தொடங்கினோம். வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு. ஆள் வைக்கலாம் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெயின்ட் அடிப்பதற்கு இந்த வீட்டில் வெளியாளா? விடியற்காலையில் எழுந்து தரையைக் கூட்டி, கழுவி, காயவிட்டு, இரண்டு ஞாயிறுகளில் நாங்கள் இருவருமாக அடித்தோம். ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான், நடுவில் சந்திப்பதாக ஏற்பாடு. நான் கால்பங்கு தாண்டுவதற்குள் அவர் வந்து சேர்ந்துவிட்டார். காய்ந்த பிறகு செருப்பில்லாமல் அந்த வெள்ளையில் நடந்து பார்த்தார். உச்சி வெயிலில் பாதம் சுடவில்லை. "அட" என்றார். திரும்ப ஒரு தடவை நடந்தார். கீழே போய் அம்மாவைக் கூட்டிவந்து நடக்கவைத்தார். எத்தனையோ கட்டடங்களுக்கு அறிக்கை எழுதியிருக்கிறேன். யாரும் இப்படி நடந்து பார்த்து நான் கண்டதில்லை.

அடுத்தது மோட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது யூனிட்டுக்குள் போனேன். ஆளே இல்லாத அறையில் ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம். முப்பத்தெட்டு மெஷினும் சும்மா முனகிக்கொண்டிருந்தன. பழைய மோட்டார்கள் அப்படித்தான். மிதியிலிருந்து காலை எடுத்தாலும் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். அக்காவிடம் மீட்டரைக் காட்டினேன். வெறும் முனகலுக்கு இவ்வளவா என்று அசந்துபோனார். மிதித்தால் மட்டும் ஓடுகிற புது மோட்டாரை ஆறு ஆறாக மாற்றத் தொடங்கினார்.

"சத்தமே இல்ல பாப்பா, தூக்கமா வருது" என்றார் காலர் தைக்கிற பெரியம்மா. யூனிட்டில் வயதிலும் வாயிலும் மூத்தவர் அவர்தான். முழங்கால் வலிக்காரர், ஆனால் யாரையும் தன் வாளியைத் தூக்க விடமாட்டார்.

மூன்றாவது விளக்கு. மேற்குக் கண்ணாடியில் மத்தியானம் ஒரு மணிவரைக்கும் வெயில் விழாது. ஆனாலும் திரை எப்போதும் மூடியே கிடந்தது. திறந்தால் யாராவது மறுபடி மூட வேண்டுமே என்கிற சோம்பல். காலையில் திரையைத் திறந்து வைப்பது, வெளிச்சம் போதுமென்றால் ஜன்னலோர வரிசை விளக்குகள் தாமே அணைந்துகொள்வது, இதுதான் திட்டம். அதற்கு ஒரு சென்சார். கையளவு வெள்ளை வட்டம், நடுவில் கறுப்பாக ஒரு கண். கண்ணாடிக்கு எதிரே தூணின் உச்சியில் அதைப் பொருத்தியவர் எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன். பக்கத்துத் தளி ஊர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், ஒயரிடம் பேசும்போது தெலுங்கு. கட்டடம் கட்டிய நாளிலிருந்து இதன் ஒவ்வொரு ஸ்விட்சும் அவருக்குத் தெரியும்.

அவர் ஏணியை மடக்குவதற்குள் வம்பு தொடங்கியது.

"கேமராவா அது?"

"இல்ல பெரிம்மா. வெளிச்சம் எவ்ளோ இருக்குதுன்னு மட்டும் பாக்கும்."

"வெளிச்சத்த மட்டும் பாக்குற கண்ணு ஒலகத்துலயே கெடையாது பாப்பா."

மறுநாள் போய்ப் பார்த்தால் சென்சாருக்குக் காக்கித் துணியில் குல்லா தைத்து மாட்டியிருந்தது. எலாஸ்டிக் எல்லாம் வைத்து, கச்சிதமாக. கழற்றினேன். இரண்டு நாளில் நீலத்தில் ஒன்று. நான் கோபப்படவில்லை. போனில் வருகிற வரைபடத்தை ஒவ்வொரு மெஷினாகக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்தக் கோடு மேலே போனால் விளக்கு எரிகிறது, கீழே வந்தால் அணைந்திருக்கிறது. உங்கள் முகம் இதில் இல்லை, நீங்கள் எழுந்து போனது இதில் இல்லை. பெரியம்மா போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கோட்டுக்குத்தான் ஆர்டரு குடுக்குறாங்களா?" என்றார். கிட்டத்தட்ட ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு குல்லா வரவில்லை. ஜன்னல் திரையைக் காலையில் திறப்பதும், ஒரு மணிக்கு மூடுவதும் அவர் பொறுப்பாகிவிட்டது. நானாகச் சொல்லவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் முழுக்கக் கோடு அழகாக வந்தது. காலையில் தரையோடு தரையாக, மத்தியானத்துக்கு மேல் ஏறி. பஸ்ஸில் நின்றபடி அதைப் பார்ப்பேன், குழந்தை தூங்குகிறதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அது மற்ற ஊர்த் தீபாவளியைவிடப் பெரிது. ஓடுகிற, சுற்றுகிற, வெட்டுகிற எதையும் துடைத்துப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். லேத்து, லாரி, லிஃப்டு, தண்ணீர் மோட்டார். யூனிட்டில் வாழைக்கன்று கட்டி, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணி உடைத்தார்கள். நான் பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பாதியில் கிளம்பிவிட்டேன்.

விடுமுறை முடிந்து யூனிட் திறந்தது திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குப் போனைப் பார்த்தேன். கோடு உச்சியில் நின்றது. பதினொன்று, உச்சி. பன்னிரண்டு, உச்சி. ஒரு நாள் மேகமாக இருந்திருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். செவ்வாயும் அதே. வெள்ளிக்கிழமை கம்பெனியின் ஆய்வாளர் வருகிறார். முந்தைய இரண்டு வாரக் கணக்கைத்தான் முதலில் கேட்பார்.

எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அங்க என்ன ஒயர மாத்துனீங்க?"

"நான் ஊர்லயே இல்ல மேடம். தளியில ரோஜாத் தோட்டத்துல மோட்டரு வேல."

"அப்ப முதல்லயே அரைகுறையா போட்டிருக்கீங்க. இப்ப கோட்ட விட்டாச்சு."

"காலையில வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அப்படிப் பேசிய உடனேயே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் திரும்பக் கூப்பிடவில்லை. ரோஷம்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியைச் சாய்த்து ஏறினார். உச்சிப்படியில் நின்று சென்சாரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையை வைக்கவில்லை.

"மேடம், நீங்களே ஏறி வாங்க."

ஏறினேன். வெள்ளை வட்டத்தின் நடுவில், சரியாக அந்தக் கறுப்புக் கண்ணின் மேல், கட்டைவிரல் அளவுக்குக் கெட்டியாகச் சந்தனம். காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் குங்குமம். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சாமந்தி இதழ்.

கீழே எல்லா மெஷினும் நின்றுவிட்டது. புது மோட்டார் என்பதால் நின்றதும் அறை நிஜமாகவே அமைதியானது. பெரியம்மா மட்டும் எழுந்தார்.

"நான்தான் வச்சேன். அன்னிக்கி எல்லாத்துக்கும் வச்சோம். அதுவும் நம்மளோட ஒழைக்குது, அதுக்கு மட்டும் வைக்காம விட்டா எப்பிடி? கட்டிங் டேபிளு மேல ஏறி வச்சேன்."

"அந்த முட்டியோடயா?" என்றார் அக்கா.

"நெத்தியிலதான் வைக்கலாம்னு பாத்தேன். அதுக்கு நெத்தியே இல்லடி. வெறும் கண்ணுதான் இருக்குது."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஏணியில் இருந்ததால் நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை. ஈரத்துணியால் சென்சாரின் கண்ணை மட்டும் துடைத்தேன். ஜன்னலோர விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் கிண்ணத்தில் புதுச் சந்தனம் குழைத்துக் கொடுக்க, வட்டத்தின் விளிம்பில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், நானே ஒரு பொட்டு வைத்தேன்.

கீழே இறங்கி எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம், "தப்பா பேசிட்டேண்ணா, மன்னிச்சிருங்க" என்றேன்.

"பரவால்ல மேடம். பூஜை போட்டா லைட்டு எரியத்தான செய்யும்" என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் வாங்கிக் கொடுக்க வேண்டியது.

வெள்ளிக்கிழமை வந்த ஆய்வாளருக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். சென்னைக்காரர். மீட்டர், மோட்டார், மொட்டை மாடி என்று வரிசையாகப் பார்த்தார். மடிக்கணினியில் கோட்டை நகர்த்திக்கொண்டே வந்து, அந்த இரண்டரை நாளில் நின்றார்.

"இங்க என்ன ஆச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார். முந்தைய நாள் முழுக்க என் மண்டைக்குள் ஓடியது இதுதான். அந்த இரண்டரை நாளை எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். 'கருவிக் கோளாறு' என்று ஒரு வரி எழுதலாம். என் வேலையில் அப்படி எழுதிய வரிகளை நான் பார்த்திருக்கிறேன். வாய் திறந்தபோது நடந்தது அப்படியே வந்துவிட்டது. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, தூணருகே போய், போனில் பெரிதாக்கிப் பார்த்தார். விளிம்பில் பொட்டு இருந்தது.

"இத நான் ஃபார்ம்ல என்னன்னு போடறது?"

"பூஜைன்னு போடுங்க சார்" என்றார் பெரியம்மா, தலையைத் தூக்காமல்.

அவர் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன்.

மத்தியானம் மூன்றரைக்குக் கடைசி வரிசையில், திரை மூடிய கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு வெப்பமானியை வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். அக்டோபர்தான், மழை பெய்து விட்டிருந்த வாரம்தான். இருந்தும் உள்வரிசையைவிட அங்கே நான்கு டிகிரி கூட. எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த வரிசை மட்டும் முடியாது என்றார். ஏப்ரலில் மறுபடி வருவேன், அதுவரை ஆர்டர் ஓடும், அப்போதும் இப்படியே இருந்தால் என்னால் சாதகமாக எழுத முடியாது. மென்மையாகத்தான் சொன்னார்.

அந்த வரிசையில் எட்டுப் பேர். அக்கா அவர்களை எண்ணியது எனக்குத் தெரிந்தது. "உள்ள நகத்திட்டா?" என்றார். நகர்த்தினால் வழி அடைந்துவிடும், தீப்பிடித்தால் ஓட இடமிருக்காது. அதையும் அவர்கள் பார்ப்பார்கள்.

அப்பா இவ்வளவு நேரமும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆய்வாளரை வண்டிவரை போய் அனுப்பிவிட்டு ஏறி வந்தார். கடைசி வரிசையில் ஒரு பெண் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் திரும்பி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். "இரும்மா, செத்த நேரம்" என்றார். நாலேகாலிலிருந்து ஐந்து மணிவரை இருந்தார். மெஷின்கள் ஓடின. திரை இடுக்கில் நுழைந்த ஒரு வெயில் பட்டை அவர் கையிலிருந்து தோளுக்கு மெதுவாக ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இத்தன வருசமா ரோட்டுல நின்னே பாத்துட்டேன்த்தா" என்றார். படியில் பாதி இறங்கி நின்று, "என்ன செய்யணுமோ சொல்லு" என்றார்.

கண்ணாடியை எடுப்பது பெரிய வேலை. எடுக்கவும் எனக்கு மனமில்லை. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே வந்த பிறகு திரை போட்டு ஒன்றும் ஆகாது. இதை நான் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது எலெக்ட்ரீஷியன் அண்ணன் குறுக்கே புகுந்தார்.

"இதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ படம்? தளியில வந்து பாருங்க. ரோஜாவுக்கு மேல நெட்டு கட்டி வச்சிருக்கோம். பிசிலு ஜாஸ்தியானா இழுத்து மூடுறோம், மோடம் போட்டா தெறக்குறோம். பூவுக்குக் கட்டுறோம், மனுசங்களுக்குக் கட்ட மாட்டமா?" வேகமாகப் பேசினால் அவருக்குக் கன்னடம் கலந்துவிடும், வெயில் பிசிலு ஆகிவிடும், மேகம் மோடம் ஆகிவிடும்.

போய்ப் பார்த்தேன். பசுமைக்குடிலுக்குள் நின்று தலைக்கு மேலே பார்த்தால் வெள்ளை வலை, வெளிச்சம் வருகிறது, உறைப்பு வரவில்லை. கம்பி, கப்பி, கையால் சுற்றுகிற சக்கரம். அன்றைக்கே என் அலுவலகத்துக்கு இன்னும் இரண்டு நாள் விடுப்புக் கேட்டு எழுதிவிட்டேன்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நடுக் கண்ணாடியை மட்டும் விட்டுவிட வேண்டும். சரி என்றேன். அதன் பின்னால் ஆள் உட்கார வேண்டாம், துணி மடித்து வைக்கிற அலமாரியை நகர்த்திவிடலாம் என்று அக்கா சொன்னார்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏணி வருகிறது. இடது பக்க மூன்று கண்ணாடிகளுக்கு மட்டும், ஒன்றரை அடி தள்ளி இரும்புச் சட்டம் அடித்து வலை கட்டப்போகிறோம். வலது பக்க மூன்று, ஒப்பிட்டுப் பார்க்க, இப்போது இருக்கிறபடியே இருக்கும்; வித்தியாசம் தெரிந்தால் ஆய்வாளர் வருவதற்குள் அங்கேயும் கட்டுவோம். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு வெப்பமானி, ஏப்ரல்வரை. சாலைக் காற்றுக்கு வலை கிழியுமா, திரையைத் திறந்து வைத்தால் மத்தியானமும் விளக்கில்லாமல் தைக்க முடியுமா, எதுவும் தெரியாது. கிழிந்தால் தைத்துக்கொடுக்க முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்கிறார் பெரியம்மா. மாலையில் மூன்றரைக்குமேல் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலையை அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் படித்துப் பழகி வருகிறார்.